எச்.ஐ.வி-யுடன் 50 வயதைத் தாண்டுபவர்கள்: வைரஸ் கட்டுக்குள் இருந்தும் இதயம், எலும்பு, சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டியது ஏன்?

திருப்பதி ஊருக்குள்ளிருந்து மலையடிவாரம் போகும் அலிபிரி சாலையில் நீங்கள் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். கருடன் சிலை, சோதனைச் சாவடி, படிக்கட்டு ஆரம்பிக்கும் இடம் என்று இவைதான் ஞாபகத்தில் நிற்கும். ஆனால் அது மருத்துவமனைகளின் சாலையும்கூட. 'ரூயா' என்று எல்லோரும் சொல்லும் அரசுப் பொது மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எச்.ஐ.வி தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாக மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி மையம் அதற்குள் இயங்குகிறது. பக்கத்திலேயே ஸ்விம்ஸ். இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை உள்ள பெரிய மருத்துவமனை.

20 வருடங்களுக்கு முன்னால் எச்.ஐ.வி தொற்று உள்ள ஒருவருக்கு இதில் முதல் கதவு திறந்தாலே போதும், உயிர் பிழைத்துவிடுவார். அதே நபருக்கு இப்போது வயது 50-ஐத் தாண்டியிருக்கும். அவருக்கு இரண்டாவது கதவும் தேவைப்படுகிறது. ரோட்டைப் பொறுத்தவரை தூரம் ரொம்பக் குறைவு. ஆனால் நாட்டின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஏ.ஆர்.டி மையத்தில் இருக்கும் ஃபைலும் இதய மருத்துவரிடம் இருக்கும் ஃபைலும் ஒன்றையொன்று பார்ப்பது அபூர்வம். காரணம் பெரும்பாலும் நோயாளியின் பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் நாம் எல்லோரும்.

இது உங்களுக்கு எதுக்கு என்று கேட்கலாம். இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி-யுடன் வாழ்கிறார்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது ஆந்திரா. உங்கள் சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸில் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் என்று யாராவது ஒருவர் தினமும் ராத்திரி ஒரு மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கலாம். அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதுமையை எட்டும் முதல் தலைமுறை

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதிக்கப்பட்டன. சித்தூரிலிருந்து பார்த்தால் வேலூர் கூப்பிடு தூரம். அப்போது சிகிச்சை என்று எதுவும் கையில் இல்லை. பிறகு மருந்து வந்தபோதும் ஒருவருக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-ல் மும்பையின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துக் கூட்டை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக எம்.எஸ்.எஃப் மருத்துவ அமைப்பிடம் சொன்ன பிறகுதான் உலகச் சந்தையே ஆட்டம் கண்டது.

அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1-ல் எட்டு அரசு மருத்துவமனைகளில் ஆரம்பித்தது. அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். ஆந்திராவிலிருந்தும் ஏராளமானோர் தாம்பரத்துக்கு ரயிலேறி வந்தார்கள். பக்கத்தில் சிகிச்சை இல்லாதது ஒரு காரணம். சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏ.ஆர்.டி மையம் இருந்தும், மாவட்டம் தாண்டி, சில சமயம் மாநிலம் தாண்டிப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2004-ல் 32 வயதில் மாத்திரை ஆரம்பித்தவருக்கு 2024-ல் 52. பிறவியிலேயே தொற்று வந்து, குழந்தையாக மருந்து ஆரம்பித்தவர்கள் இப்போது உங்கள் வயதில் இருக்கிறார்கள். 25 வயதுக்குள்ளேயே 15, 20 வருடம் மருந்து எடுத்த உடம்பு அவர்களுடையது. அதனால் இந்த விஷயத்தில் 'வயதாவது' என்பது பிறந்த தேதியை மட்டும் வைத்து முடிவாவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் எல்லோருக்கும் உடனே மருந்து கொடுக்கவில்லை. நோய் எதிர்ப்பைக் காட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே விழும் வரை பெரும்பாலோர் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த வரம்பு 350 ஆனது, 500 ஆனது. 2017-ல்தான் 'பாசிட்டிவ் என்று தெரிந்தாலே மருந்து' என்ற விதி வந்தது. கையிருப்பில் இருந்த மருந்தை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு அது நியாயமான முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படிக் காத்திருந்த வருடங்களின் சேதத்தைத்தான் அந்தத் தலைமுறை இப்போது உடம்பில் சுமக்கிறது. எவ்வளவு கீழே இறங்கிய பிறகு மருந்து ஆரம்பித்தார்கள் என்பது, 20 வருடம் கழித்தும் நோய் அபாயத்தில் தெரிகிறது.

வைரஸ் அடங்கிவிட்டதே, பிறகென்ன?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது மற்றவருக்குப் பரவாது. பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்ட விஷயம் இது. ஆயுளும் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீள்கிறது.

ஆனால் 'கண்டறிய முடியாது' என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. வைரஸ் சில செல்களுக்குள் தூங்கிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு, தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே குடலின் உட்சுவரில் இருக்கும் சிடி4 செல்களைப் பெருமளவில் அது காலி செய்துவிடுகிறது. அந்தச் சுவர் பிறகு முழுதாக ஆறுவதில்லை. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாவின் கழிவுகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகின்றன. உடம்பின் காவல் படை ஓய்வே இல்லாமல் விழித்துக்கொண்டிருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் அடியில் கங்கு கனன்றுகொண்டிருப்பது மாதிரி. இந்த மெல்லிய அழற்சி வருடக்கணக்கில் ரத்தக் குழாய், எலும்பு, சிறுநீரகம், மூளை என்று எல்லாவற்றையும் தொடுகிறது.

'மாத்திரைதான் உடம்பைக் கெடுக்குது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 2006-ல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வைச் சொல்லுங்கள். 5,472 பேரில் ஒரு பிரிவினர் மருந்தை விட்டு விட்டு எடுத்தார்கள். அந்தப் பிரிவில்தான் மரணம் அதிகம்; இதயம், சிறுநீரகம், கல்லீரல் பிரச்சினைகளும் அதிகம். அழற்சிக்கு எதிரான முதல் மருந்தே தினசரி மாத்திரைதான்.

இதயத்தின் கணக்கு

எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இதோடு நம் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்ற இனத்தவரைவிடச் சில வருடங்கள் முன்னாடியே வருகிறது, சர்க்கரையும் குறைந்த எடையிலேயே எட்டிப் பார்க்கிறது. மருத்துவர்கள் கம்ப்யூட்டரில் வயது, பி.பி., கொழுப்பு போட்டுப் பார்க்கும் அபாயக் கணிப்பான்கள் பல, எச்.ஐ.வி-யைக் கணக்கில் எடுப்பதில்லை. 'ரிஸ்க் கம்மிதான், பயப்படாதீங்க' என்று அது காட்டுவதை அப்படியே நம்ப முடியாது.

இதற்கு விடை தேடித்தான் ரிப்ரீவ் என்ற ஆய்வு நடந்தது. இந்தியா உட்பட 12 நாடுகள், 40 முதல் 75 வயது வரை உள்ள 7,769 பேர். எல்லோரும் எச்.ஐ.வி-க்கு மருந்து எடுப்பவர்கள், வழக்கமான கணக்கின்படி இதய அபாயம் குறைவு அல்லது நடுத்தரம். பாதிப் பேருக்குப் பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2023-ல் வந்த முடிவின்படி, மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெரிய இதய நிகழ்வுகள் 35% குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைச் சீக்கிரமே நிறுத்தினார்கள். சர்க்கரை நோய் வருவது அந்தப் பிரிவில் சற்றுக் கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே 40 வயதைத் தாண்டிய ஒருவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: 'எனக்குக் கொழுப்பு மாத்திரை தேவையா?' ரிப்போர்ட்டில் கொழுப்பு நார்மல் என்று வந்திருந்தாலும் கேட்கலாம்.

புகை பிடிப்பவர் என்றால் கதை வேறு. டென்மார்க்கில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, நல்ல சிகிச்சையில் இருக்கும் எச்.ஐ.வி நோயாளிகளின் ஆயுளை எச்.ஐ.வி குறைப்பதைவிடப் புகை இரண்டு மடங்குக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது.

மறுபடி அலிபிரிக்கு வருவோம். அங்கிருந்து மேலே சுமார் 3,550 படிகள். 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பி.பி., ஆஸ்துமா, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானம் அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பட்டியலில் எச்.ஐ.வி இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் 20 வருடம் மருந்து எடுத்த 52 வயதுக்காரர் வேண்டுதலுக்காகப் படி ஏறப் போகிறார் என்றால், கிளம்புவதற்கு முன்னால் பி.பி., சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி பார்த்துவிடுவது நல்லது. ஏறவே கூடாது என்பதில்லை. தன் இதயம் காலண்டர் வயதைவிடக் கொஞ்சம் மூத்ததாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

பழைய மாத்திரைகள் விட்டுப்போன தடம்

2004-ல் ஆரம்பித்த பலர் எடுத்தது ஸ்டாவுடின் கலந்த கூட்டு. உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் கன்னம் ஒட்டிப்போய், கை காலில் நரம்பு புடைத்துத் தெரியும்படி கொழுப்பு கரைந்தது. முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும் என்று கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் சிலருக்கு இன்றும் தங்கிவிட்டது. சர்க்கரை நோய் வந்தாலும் அதே பாத எரிச்சல் வரும் என்பதால், இரண்டில் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்தது டெனோஃபோவிர். இன்றைய தினசரி மாத்திரையிலும் அது இருக்கிறது. சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எலும்பின் அடர்த்தியையும் கொஞ்சம் குறைக்கும். நாள் முழுக்க வெயிலடிக்கிற ஊரில் இருந்தும் வைட்டமின் டி குறைவு நம்மிடம் சர்வ சாதாரணம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால், பாத்ரூமில் வழுக்கி விழுவதே இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். 2020-க்குப் பிறகு அரசுத் திட்டத்தில் பெரும்பாலோர் டொலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு மாறினார்கள். நல்ல மருந்து, வைரஸை வேகமாக அடக்கும். சிலருக்கு எடை கூடுகிறது. 'முன்னாடி இளைச்சா பயந்தாங்க, இப்ப குண்டானா பயப்படுறாங்க' என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இடுப்பளவு கூடினால் சர்க்கரையும் பின்னாலேயே வருகிறது.

இரண்டு ஃபைல், ஒரு உடம்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை யாருக்காவது அனுப்புவதானால், இதை அனுப்புங்கள்.

வயதாக ஆக மாத்திரைகள் கூடும். எச்.ஐ.வி மாத்திரை ஒரு மருத்துவர் கொடுப்பது, மற்றவை இன்னொருவர் கொடுப்பது. இரண்டாமவருக்கு முதல் மாத்திரையைப் பற்றித் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

சர்க்கரைக்கு எல்லோரும் எடுக்கும் மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். டொலுடெக்ராவிர் அதை உடம்பிலிருந்து வெளியேறவிடாமல் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டுகிறது. அதனால் இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் பொதுவாக நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விஷயம் தெரியாத மருத்துவர் 2,000 வரை ஏற்றிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துத்தான் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். டொலுடெக்ராவிர் எடுத்தால், சிறுநீரகத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லாமலேயே அந்த எண் கொஞ்சம் ஏறும். விஷயம் தெரிந்தவர் அமைதியாக இருப்பார். தெரியாதவர் 'கிட்னி போயிடுச்சு' என்று பயமுறுத்தி, தேவையில்லாத டெஸ்ட்டுகளுக்கு எழுதிக் கொடுப்பார். டெனோஃபோவிரால் உண்மையிலேயே சிறுநீரகம் கெடுகிறதா என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை வைத்து யாராலும் அதைச் செய்ய முடியாது.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து ஆகியவை டொலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். வெள்ளை மருந்து குடிப்பதாக இருந்தால் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிர் எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு என்றால் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் சரியாகிவிடும். இவ்வளவு சின்ன விஷயம். ஆனால் மூட்டுவலிக்குக் கால்சியம் எழுதும் மருத்துவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை என்றால்? வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவையும் டொலுடெக்ராவிரின் அளவைக் குறைக்கும். அதற்குத் தகுந்தபடி சிகிச்சையை மாற்ற வேண்டும்.

இரண்டாம் கட்ட மருந்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதில் சேரும் ரிட்டோனாவிர், சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையோடு சேரவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். முழங்கால் வலிக்குப் போடும் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். ரிட்டோனாவிர் இருந்தால் ஒரே ஊசி வாரக்கணக்கில் உடம்பில் தங்கி, முகம் வீங்கி, சர்க்கரை எகிறும். மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே வாங்கும் 'கேஸ் மாத்திரை' ஒமிப்ரசோல்கூட அட்டாசனாவிரின் வேலையைக் கெடுக்கும்.

எச்.ஐ.வி மாத்திரையிலிருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி-யையும் அடக்குகின்றன. இரண்டு தொற்றும் உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். வேறு ஆபரேஷனுக்காக அட்மிட் ஆனவர், பக்கத்து பெட்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பத்து நாள் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் இதுதான் நடக்கும்.

பெண்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள்

எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கணவர் இறந்த பிறகு தன் தொற்றைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தலைமுறைப் பெண்கள் இப்போது 50-களில் இருக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு டெஸ்ட் எடுக்க அவர்கள் கடைசியாக எப்போது போனார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தூக்கமின்மை, மறதி, மனச்சோர்வு வந்தாலும் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடுவார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. அதைக் கவனிக்காவிட்டால் முதலில் தவறுவது தினசரி மாத்திரைதான்.

மருத்துவரிடம் சொல்லியே ஆகணுமா?

சட்டப்படி கட்டாயமில்லை. எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தவிர, ஒருவர் தன் தொற்றை வெளியில் சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் அதை வெளியிடவும் கூடாது. சிகிச்சைக்குத் தேவை என்றால், அவரைக் கவனிக்கும் மருத்துவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள மட்டும் சட்டம் இடம் தருகிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது பாகுபாடு. வேலைக்குச் சேர எச்.ஐ.வி பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதும் தடை செய்யப்பட்டது.

சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் நர்ஸ் பார்க்கும் பார்வையைச் சட்டம் மாற்றிவிடாது என்று நீங்கள் சொன்னால், அதுவும் உண்மைதான். என் கருத்து இது: எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை, ஆனால் மாத்திரை எழுதும் ஒவ்வொருவருக்கும் தெரிவது உயிருக்கு நல்லது. தெரிந்த பிறகு மறுத்தால் புகார் செய்ய வழி இருக்கிறது. 20 பேருக்கு மேல் உள்ள மருத்துவமனையும் 100 பேருக்கு மேல் உள்ள மற்ற நிறுவனங்களும் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் யார் அந்த அதிகாரி என்று எச்.ஆர்-இடம் சும்மா கேட்டுப் பாருங்கள். மாநில அளவில் குறைதீர்ப்பாளர் உண்டு; சாதாரணப் புகாருக்கு 30 நாள், மருத்துவ அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் உத்தரவு போட வேண்டும்.

காப்பீட்டிலும் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் பாலிசி கொண்டுவர வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. காத்திருப்புக் காலமும் விலக்குகளும் எப்படி என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். சந்தேகங்களுக்கு 1097 என்ற தேசிய இலவச உதவி எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் உங்களை நம்பிச் சொல்லியிருந்தால், உங்களால் உடனே செய்ய முடிந்த வேலை இது. அவர் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஏ.ஆர்.டி உட்பட, ஒரே போட்டோவாக எடுத்து அவர் போனில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது வைரல் லோட், பி.பி., சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், பெண்ணாக இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இவையெல்லாம் முடிந்ததா என்று கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றியும் விசாரியுங்கள். மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூடப் போனால் இன்னும் நல்லது. உள்ளே வரவேண்டாம், வெளியிலேயே இரு என்று அவர் சொன்னால் வெளியிலேயே இருங்கள். அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.